கிட்டாரில் நோட் பெயர்களும் அடிப்படை இசைக் கோட்பாடும்: முழுமையான வழிகாட்டி

பத்துப் பதினைந்து கார்டுகளை (பல நோட்டுகள் சேர்ந்து ஒலிக்கும் பிடிகளை) தடுமாறாமல் மாற்றி மாற்றி வாசிக்கிறவரிடம், மூன்றாவது கம்பியில் ஏழாவது ஃப்ரெட்டில் (கழுத்தில் உலோகக் கட்டைகள் பிரிக்கும் இடங்களில் ஏழாவதில்) என்ன நோட் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் திறந்த கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணித்தான் சொல்வார். கீபோர்டில் வெள்ளைக் கட்டையும் கருப்புக் கட்டையும் கண்ணெதிரே பிரிந்து கிடப்பதால் பெயர்கள் தாமாகப் பதிந்துவிடுகின்றன. கிட்டாரில் எல்லா ஃப்ரெட்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அதே சத்தம் நான்கைந்து இடங்களில் கிடைக்கும். விரல் வடிவங்களை வைத்தே நெடுந்தூரம் போய்விடலாம் என்பதால், பெயர் தெரியாத குறை வெகுநாள் வெளியே தெரியாது.

பாடுகிறவர் அரைக் கட்டை ஏற்றச் சொல்லும்போதும், கீபோர்டு வாசிப்பவர் 'எஃப் ஷார்ப் மைனரில் ஆரம்பம்' என்னும்போதும், எல்லாக் கம்பிகளையும் ஒருசேர அழுத்திச் சுருதி ஏற்றும் கேப்போவை எங்கே போடுவது என்று தேடும்போதும் அந்தக் குறை தெரியவரும்.

திறந்த கம்பியையும் சேர்த்து 12ஆவது ஃப்ரெட் வரை கணக்கிட்டால் ஆறு கம்பிகளிலும் மொத்தம் 78 இடங்கள். இவற்றை ஒவ்வொன்றாக உருப்போட வேண்டாம். ஏழு எழுத்துகள், ஒட்டியிருக்கும் இரண்டு ஜோடிகள், இரண்டு தடித்த கம்பிகள், ஓர் ஆக்டேவ் வடிவம், அதில் ஒரே ஒரு மாற்றம். நினைவில் வைக்க வேண்டியது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இவற்றிலிருந்து பிறக்கும். கூடவே ஒரு கட்டுப்பாடு: இந்த வழிகாட்டியில் வரும் எதை வாசித்தாலும் அந்த நோட்டின் பெயரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வாசியுங்கள். சொல்லாமல் வாசித்தால் விரல் கற்றுக்கொள்ளும், பெயர் பதியாது.

டியூனிங்கிலேயே பாடம் தொடங்குகிறது

மிக மெல்லிய கம்பிதான் 1ஆவது. மிகத் தடித்தது 6ஆவது. கிட்டாரை மடியில் வைத்தால் தடித்த கம்பி கண்ணுக்கு மேலே இருப்பதால் அதை முதல் கம்பி என்று எண்ணிவிடுவது புதியவர்களிடம் சகஜம். இதேபோல 'மேலே போ' என்றால் சுருதியில் மேலே, அதாவது ஃப்ரெட்போர்டில் உடல் பகுதியை நோக்கி. தரையை நோக்கியோ தலையை நோக்கியோ அல்ல. இந்த இரண்டும் குழம்பினால் பின்னால் வரும் எல்லாமே குழம்பும்.

வழக்கமான டியூனிங்கில் 6ஆவது கம்பி இ (82.41 ஹெர்ட்ஸ்), 5ஆவது ஏ (110), 4ஆவது டி (146.83), 3ஆவது ஜி (196), 2ஆவது பி (246.94), 1ஆவது மறுபடி இ (329.63). டியூனரில் ஏ என்பது 440 ஹெர்ட்ஸ் என்று வைக்கப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பொத்தான் தவறுதலாக அழுந்தி 438, 442 என்று மாறியிருந்தால் தனியாக வாசிக்கும்போது தெரியாது. இன்னொரு வாத்தியத்தோடு சேரும்போதுதான் காது உறுத்தும்.

அந்த எண்களை ஒருமுறை உற்றுப் பாருங்கள். 1ஆவது கம்பியின் எண் 6ஆவது கம்பியின் எண்ணைப்போல நான்கு மடங்கு. அதிர்வெண் இரு மடங்கானால் அதே பெயரில் மேல் நோட் கிடைக்கும். இந்தத் தூரத்துக்குப் பெயர்தான் ஆக்டேவ். நான்கு மடங்கு என்றால் இரண்டு ஆக்டேவ். ஆகவே இரண்டு கம்பிகளும் இ, ஆனால் இரண்டு ஆக்டேவ் இடைவெளியில். சில டியூனர்கள் எழுத்தை மட்டும் காட்டும், எந்த ஆக்டேவ் என்று காட்டாது. புதுக் கம்பி போடும்போது சரியான எழுத்தைத் தாண்டிப் போனது தெரியாமல், அடுத்த ஆக்டேவில் அதே எழுத்தைத் தேடி முறுக்கிக்கொண்டே போனால் கம்பி அறுந்துவிடும். சந்தேகம் வந்தால் பக்கத்துக் கம்பியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒப்பிடும் முறை இது. 6ஆவது கம்பியின் 5ஆவது ஃப்ரெட்டும் திறந்த 5ஆவது கம்பியும் ஒரே சத்தம். 5ஆவதின் 5ஆவது ஃப்ரெட்டும் திறந்த 4ஆவதும் ஒன்று. 4ஆவதின் 5ஆவது ஃப்ரெட்டும் திறந்த 3ஆவதும் ஒன்று. 3ஆவதில் மட்டும் 4ஆவது ஃப்ரெட்டை அழுத்தினால்தான் திறந்த 2ஆவது கம்பி கிடைக்கும். பிறகு 2ஆவதின் 5ஆவது ஃப்ரெட், திறந்த 1ஆவது. நடுவில் வருகிற அந்த ஒரு '4' கிட்டாரின் எல்லா வடிவங்களையும் பாதிக்கிறது. அதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள், விரைவில் தேவைப்படும்.

விரலை ஃப்ரெட்டின் உலோகக் கட்டையின் மேலேயே வைக்காமல், அதற்குச் சற்றுப் பின்னால், நட் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் தங்கும் பட்டை) இருக்கும் பக்கம் ஒட்டி அழுத்துங்கள். தேவைக்கு மேல் அழுத்தினால் கம்பி இழுபட்டு சுருதி ஏறும். நோட் சரியாக இருந்தும் சத்தம் பிசகுவதற்கு இது முதல் காரணம். இன்னொன்று, 12ஆவது ஃப்ரெட்டை அழுத்தி வாசிப்பதும், அதே இடத்தில் கம்பியை மெல்லத் தொட்டு ஹார்மோனிக் வாசிப்பதும் ஒரே சுருதியில் இருக்க வேண்டும். அழுத்திய நோட் கூடுதலாக இருந்தால், புதுக் கம்பி போட்டுப் பாருங்கள். அப்போதும் மாறாவிட்டால் பிரிட்ஜில் (உடல் பகுதியில் கம்பிகள் பொருத்தப்படும் இடத்தில்) அந்தக் கம்பி தங்கும் சேடில் பின்னுக்குத் தள்ளப்பட வேண்டும். எலக்ட்ரிக் கிட்டாரில் இதற்குப் பெரும்பாலும் திருகாணி இருக்கும். அக்கூஸ்டிக்கில் இது பழுதுபார்ப்பவர் வேலை.

ஏழு எழுத்து, பன்னிரண்டு நோட்

பெயர்கள் ஏழுதான்: ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி. ஜி முடிந்ததும் மறுபடி ஏ. ஆனால் ஓர் ஆக்டேவுக்குள் 12 நோட்டுகள் இருக்கின்றன. மீதி ஐந்துக்குத் தனிப் பெயர் கிடையாது. பக்கத்து எழுத்தைக் கொண்டே அழைக்கிறோம். ஒரு ஃப்ரெட் ஏற்றினால் ஷார்ப், ஒரு ஃப்ரெட் இறக்கினால் ஃபிளாட். சி ஷார்ப்பும் டி ஃபிளாட்டும் கிட்டாரில் ஒரே இடம், ஒரே சத்தம்.

வரிசை இப்படி: ஏ, ஏ ஷார்ப், பி, சி, சி ஷார்ப், டி, டி ஷார்ப், இ, எஃப், எஃப் ஷார்ப், ஜி, ஜி ஷார்ப், மறுபடி ஏ. பி-க்கும் சி-க்கும் நடுவில் எதுவும் இல்லை. இ-க்கும் எஃப்-க்கும் நடுவிலும் இல்லை. இந்த இரண்டு ஜோடிகளும் அடுத்தடுத்த ஃப்ரெட்டுகளில் வரும். மற்ற எழுத்துகளுக்கு நடுவில் எல்லாம் ஒரு ஃப்ரெட் காலி. தொடக்கத்தில் வரும் பிழைகளில் பெரும்பகுதி இந்த ஜோடிகளை மறந்து இ ஷார்ப், பி ஷார்ப் என்று எண்ணிக்கொண்டே போவதால் வருபவை.

கட்டைக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இது ஏற்கெனவே பாதி தெரிந்த பாடம். சி ஒரு கட்டை, டி இரண்டு, இ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து, ஏ ஆறு, பி ஏழு. ஒன்றரை என்றால் சி ஷார்ப், இரண்டரை டி ஷார்ப், நாலரை எஃப் ஷார்ப், ஐந்தரை ஜி ஷார்ப், ஆறரை ஏ ஷார்ப். மூன்றரைக் கட்டை, ஏழரைக் கட்டை என்று யாரும் சுருதி சொல்வதில்லை. காரணம் மேலே சொன்ன அதே இரண்டு ஜோடிகள்தான். ஆகவே மூன்று கட்டையிலிருந்து நான்கு கட்டைக்குப் போவது ஒரே ஒரு ஃப்ரெட், நான்கிலிருந்து ஐந்துக்குப் போவது இரண்டு ஃப்ரெட்.

ச ரி க ம-வோடு மட்டும் இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 'ச' என்பதை எந்தச் சுருதியிலும் நிறுத்தலாம், மற்ற ஸ்வரங்கள் அதைத் தொடர்ந்து நகரும். சி, டி, இ என்பவை நகராத பெயர்கள். 'சி என்றால் ச' என்று ஆரம்பத்தில் மனதில் பதித்துக்கொண்டால், ஜி-யை ஆதாரமாக வைத்து ஒரு பாட்டு வரும்போது எல்லாம் தலைகீழாகும். ஸ்வரம் உறவைச் சொல்கிறது, எழுத்து இடத்தைச் சொல்கிறது. இரண்டும் வேண்டும், ஆனால் தனித்தனியாக.

ஒரு ஃப்ரெட் தூரத்துக்கு செமிடோன் என்று பெயர், இரண்டு ஃப்ரெட் ஒரு டோன். ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும் அதிர்வெண் ஏறத்தாழ 5.95 சதவீதம் கூடுகிறது. அது 12 முறை பெருகினால் சரியாக இரண்டு மடங்கு. அதனால்தான் 12ஆவது ஃப்ரெட், நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் நடுப்புள்ளியில் உட்கார்ந்திருக்கிறது. கம்பியின் நீளம் பாதி, அதிர்வெண் இரட்டிப்பு, பெயர் அதேதான். 12க்கு மேல் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. 13ஆவது ஃப்ரெட் என்றால் 1ஆவது ஃப்ரெட்டின் பெயர், 15 என்றால் 3.

6ஆவது கம்பி: முதல் வாரம் இது மட்டும்

ஷார்ப், ஃபிளாட் எதுவும் இல்லாத ஏழு நோட்டுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். திறந்த கம்பி இ. இ-யும் எஃப்-பும் ஒட்டியவை, ஆகவே எஃப் 1ஆவது ஃப்ரெட். ஒன்று விட்டு ஜி, 3இல். ஒன்று விட்டு ஏ, 5இல். ஒன்று விட்டு பி, 7இல். பி-யும் சி-யும் ஒட்டியவை, ஆகவே சி 8இல். டி 10இல். இ 12இல். எண்களை மட்டும் சொன்னால் 0, 1, 3, 5, 7, 8, 10, 12.

கிட்டாரின் பக்கவாட்டில் இருக்கும் புள்ளிகள் பெரும்பாலும் 3, 5, 7, 9, 12இல் இருக்கும், 12இல் இரட்டைப் புள்ளி. இந்தக் கம்பியில் 3, 5, 7 புள்ளிகள் நேராக ஜி, ஏ, பி. இதுவே பெரிய உதவி. கிளாசிக்கல் கிட்டார்களில் முகப்பில் புள்ளிகள் இருக்காது. பக்கவாட்டில் 5, 7, 12 இடங்களில் சின்னதாக ஒட்டுத்தாள் ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் எழுத்து அச்சிட்ட ஒட்டிகளை வாங்கி ஒட்ட வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. கண் எழுத்தைப் படித்துவிடும், மூளை தேடவே தேடாது. ஒட்டியை எடுத்த மறுநாள் மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

தினமும் 10 நிமிடம் போதும். முதல் இரண்டு நாள் ஏறும்போதும் இறங்கும்போதும் பெயரைச் சொல்லி வாசியுங்கள். இறங்குவதைத் தவறவிடாதீர்கள். இ, டி, சி, பி என்று பின்னோக்கிச் சொல்ல வராதவர்கள்தான் பிறகு ஃபிளாட்டுகளில் திணறுகிறார்கள். மூன்றாம் நாளிலிருந்து வரிசையை உடைத்துவிடுங்கள். ஏழு எழுத்துகளையும் ஏழு சீட்டுகளில் எழுதிக் கலைத்து, வரும் சீட்டில் இருக்கும் நோட்டுக்கு நேராகப் பாயுங்கள். மெட்ரோனோமை (சீராக அடி தட்டும் கருவி) நிமிடத்துக்கு 40 அடியில் வைத்து, நான்கு அடிகளுக்குள் இடத்தைப் பிடித்தால் அந்தச் சீட்டு தேறியது. எல்லாம் தேறினால் இரண்டு அடிகளுக்குள். வரிசையாக மட்டுமே பழகினால், சி வேண்டும் என்றால் திறந்த கம்பியிலிருந்து ஏணி ஏறித்தான் போவீர்கள். பாட்டு அவ்வளவு நேரம் காத்திருக்காது.

ஷார்ப்புகளைத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை. ஜி 3இல் இருக்கிறது என்று தெரிந்தால் ஜி ஷார்ப் 4, ஜி ஃபிளாட் 2.

5ஆவது கம்பி, பிறகு ஒரு குறுக்குவழி

இரண்டாம் வாரம் 5ஆவது கம்பி. திறந்த கம்பி ஏ, பி 2இல், சி 3இல், டி 5இல், இ 7இல், எஃப் 8இல், ஜி 10இல், ஏ 12இல். பழகும் முறை அதேதான். இரண்டு நாள் கழித்துப் பழைய கம்பியையும் கலந்துவிடுங்கள். ஒரு சீட்டை எடுத்தால் அந்த நோட்டை இரண்டு கம்பிகளிலும் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த இரண்டு கம்பிகளை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒரே விரலால் பல கம்பிகளையும் குறுக்கே அழுத்தும் பார் கார்டுகளின் பெயரைத் தீர்மானிக்கும் அடிநோட், அதாவது ரூட், பெரும்பாலும் இவற்றில்தான் இருக்கும். எஃப் கார்டுக்கு 1ஆவது ஃப்ரெட்டில் போடும் முழு பார் வடிவத்தை அப்படியே 3க்கு நகர்த்தினால் ஜி, 5இல் ஏ, 6இல் பி ஃபிளாட். ஏ கார்டு வடிவத்தை பாரோடு 5ஆவது கம்பியின் 3ஆவது ஃப்ரெட்டுக்குக் கொண்டுபோனால் சி. ஆரம்பத்தில் சொன்ன எஃப் ஷார்ப் மைனர் இப்போது பயமுறுத்தாது. 6ஆவது கம்பியில் எஃப் 1இல், ஆகவே எஃப் ஷார்ப் 2இல். இ மைனர் வடிவத்தை அங்கே பார் போட்டால் முடிந்தது.

இனி 4ஆவது, 3ஆவது கம்பிகளை மனப்பாடம் செய்யாமலே எட்டலாம். 6ஆவது கம்பியில் ஒரு நோட்டின் மேல் விரலை வையுங்கள். ஒரு கம்பியைத் தாண்டி 4ஆவதுக்கு வந்து, இரண்டு ஃப்ரெட் மேலே போங்கள். அதே பெயர், ஓர் ஆக்டேவ் மேலே. 6ஆவதில் 3 ஜி என்றால் 4ஆவதில் 5 ஜி. 5ஆவதிலிருந்து 3ஆவதுக்கும் இதே கணக்கு: 5ஆவதில் 3 சி, 3ஆவதில் 5 சி. ஆட்காட்டி விரலும் மோதிர விரலும் வைத்து, நடுவில் இருக்கும் கம்பியை ஆட்காட்டி விரலின் அடிப்பகுதியால் லேசாகத் தொட்டு ஊமையாக்கினால் இரண்டு நோட்டும் சேர்ந்து ஒலிக்கும். ஒரே குரல் தடித்தும் மெலிந்தும் கேட்டால் இடம் சரி. இரண்டு வேறு குரல்கள் உரசுவதுபோல் கேட்டால் எங்கோ ஒரு ஃப்ரெட் தவறியிருக்கிறது.

4ஆவதிலிருந்து 2ஆவதுக்கும், 3ஆவதிலிருந்து 1ஆவதுக்கும் போகும்போது மட்டும் இரண்டுக்குப் பதில் மூன்று ஃப்ரெட். டியூனிங்கில் பார்த்த அந்த '4' இங்கேதான் வேலை செய்கிறது. மற்ற பக்கத்துக் கம்பிகளுக்கு நடுவில் 5 செமிடோன், 3க்கும் 2க்கும் நடுவில் 4 மட்டும். ஒரு செமிடோன் குறைகிற இடத்தைத் தாண்டும் எந்த வடிவமும் ஒரு ஃப்ரெட் கூடுதலாக நகரும். 4ஆவதில் 2 இ, அப்படியானால் 2ஆவதில் 5 இ. ஆக்டேவ் மட்டுமல்ல, ஸ்கேல் வடிவங்களும் தனி வாசிப்பும் 2ஆவது கம்பியில் வந்து தடுமாறுவதற்கு இதுதான் காரணம். 1ஆவது கம்பியும் இ என்பதால் 6ஆவது கம்பியில் படித்ததே அங்கும் பொருந்தும்.

சரிபார்க்க ஒரு பயிற்சி. ஒரு நோட்டை எடுத்து, 6இலிருந்து 1 வரை எல்லாக் கம்பிகளிலும் 12ஆவது ஃப்ரெட்டுக்குள் வாசியுங்கள். சி என்றால் வரிசையாக 8, 3, 10, 5, 1, 8. எஃப் என்றால் 1, 8, 3, 10, 6, 1. ஒரு நாளைக்கு ஒரு நோட் போதும். ஏழு நாளில் ஏழும் முடியும். இரண்டாவது சுற்றில் மெட்ரோனோம் 60இல், இரண்டு அடிக்கு ஒரு நோட். மூன்றாவது கம்பியின் ஏழாவது ஃப்ரெட் டி என்பது இந்தச் சுற்றுக்குள் யோசிக்காமலே வாயில் வரும்.

மேஜர் ஸ்கேல்: இடைவெளிதான் எல்லாம்

5ஆவது கம்பியில் சி-யிலிருந்து அடுத்த சி வரை ஷார்ப் இல்லாமல் போங்கள்: 3, 5, 7, 8, 10, 12, 14, 15. இடைவெளிகளைப் பாருங்கள்: இரண்டு, இரண்டு, ஒன்று, இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று. இந்த வரிசைதான் மேஜர் ஸ்கேல். கர்நாடக இசையில் சங்கராபரணத்தின் ஸ்வரஸ்தானங்கள் இவையே. எந்த நோட்டிலிருந்து தொடங்கினாலும் இடைவெளி வரிசை மாறாது.

6ஆவது கம்பியில் ஜி-யிலிருந்து அதே இடைவெளியில் போனால் 3, 5, 7, 8, 10, 12, 14, 15. பெயர்கள் ஜி, ஏ, பி, சி, டி, இ, எஃப் ஷார்ப், ஜி. 13இல் இருக்கும் எஃப்-ஐ வாசித்துப் பாருங்கள், வரிசை சறுக்குவது காதுக்கே தெரியும். ஆறாவது படிக்கும் ஏழாவது படிக்கும் நடுவில் இரண்டு ஃப்ரெட் வேண்டும், இ-யும் எஃப்-பும் ஒட்டியிருப்பதால் ஒன்றுதான் கிடைக்கிறது. அதனால் எஃப் ஏற்றப்படுகிறது. ஜி கீயில், அதாவது ஜி-யை ஆதாரமாகக் கொண்ட ஸ்கேலில், ஒரு ஷார்ப் என்று புத்தகங்கள் சொல்வதன் காரணம் இவ்வளவே.

அதை ஏன் ஜி ஃபிளாட் என்று அழைக்கக் கூடாது? இடம் ஒன்றுதான், ஆனால் ஸ்கேலில் ஒவ்வோர் எழுத்தும் ஒருமுறை மட்டும் வர வேண்டும் என்பது விதி. ஜி ஃபிளாட் என்றால் ஜி இரண்டு முறை வரும், எஃப் வராமலே போகும். எழுதுவதற்கும் படிப்பதற்கும் குழப்பம். இதே விதிப்படி எஃப் மேஜரில் நான்காவது நோட் பி ஃபிளாட், ஏ ஷார்ப் அல்ல. பெரும்பாலான டியூனர்கள் எந்தக் கீ என்று பார்க்காமல் ஏதாவது ஒரு பெயரைக் காட்டும். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

மைனர் ஸ்கேலுக்கு ஏ-யிலிருந்து தொடங்குங்கள். 5ஆவது கம்பியில் 0, 2, 3, 5, 7, 8, 10, 12. சி மேஜரின் அதே ஏழு நோட்டுகள், ஆனால் வீடு வேறு. இடைவெளிகள் இரண்டு, ஒன்று, இரண்டு, இரண்டு, ஒன்று, இரண்டு, இரண்டு. இதன் ஸ்வரஸ்தானங்கள் நடபைரவியினுடையவை.

தெரிந்த கார்டுகளைப் பிரித்துப் பார்ப்பது

இந்தப் பகுதியில் அவசரப்பட வேண்டாம். விரல்கள் தினமும் வாசிக்கும் ஒன்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிவது இங்கேதான்.

இ மேஜர் கார்டைப் பிடியுங்கள். 5ஆவது, 4ஆவது கம்பிகளில் 2, 3ஆவதில் 1, மற்றவை திறந்தவை. 6ஆவது கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக மீட்டிப் பெயர் சொல்லுங்கள்: இ, பி, இ, ஜி ஷார்ப், பி, இ. ஆறு கம்பி ஒலித்தாலும் மூன்றே நோட்டுகள்: இ, ஜி ஷார்ப், பி. இப்போது 3ஆவது கம்பியிலிருந்து ஆட்காட்டி விரலை எடுத்துவிடுங்கள். இ, பி, இ, ஜி, பி, இ. அது இ மைனர். ஆறு கம்பிகளில் ஐந்து அப்படியே இருக்க, ஒரே ஒரு கம்பியில் ஒரே ஒரு செமிடோன் இறங்கியிருக்கிறது. கார்டின் முகமே மாறிவிட்டது. விரலை வைத்தும் எடுத்தும் பலமுறை மெதுவாக வாசித்து, அந்த ஒரு கம்பியை மட்டும் காதால் பின்தொடருங்கள்.

நடந்தது என்ன? அடிநோட்டிலிருந்து மேலே எண்ணினால் இ-யிலிருந்து ஜி ஷார்ப் 4 செமிடோன். இது மேஜர் மூன்றாவது, ஸ்வரக் கணக்கில் அந்தர காந்தாரம். இ-யிலிருந்து ஜி 3 செமிடோன், மைனர் மூன்றாவது, சாதாரண காந்தாரம். இ-யிலிருந்து பி 7 செமிடோன், ஐந்தாவது, அதாவது பஞ்சமம். எந்த மேஜர் கார்டும் அடிநோட், 4, 7. எந்த மைனர் கார்டும் அடிநோட், 3, 7. காந்தாரத்தையே விட்டுவிட்டு அடிநோட்டும் பஞ்சமமும் மட்டும் வைத்தால் பவர் கார்டு, அதற்கு மேஜரும் இல்லை மைனரும் இல்லை.

ஏ மேஜரில் 2ஆவது கம்பியின் 2ஆவது ஃப்ரெட் சி ஷார்ப். ஏ மைனரில் அது 1ஆவது ஃப்ரெட், சி. டி மேஜரில் 1ஆவது கம்பியின் 2ஆவது ஃப்ரெட் எஃப் ஷார்ப், டி மைனரில் 1ஆவது ஃப்ரெட், எஃப். மூன்று கார்டுகளிலும் மாறுவது அந்த மூன்றாவது மட்டும். சி மேஜரை நீங்களே பிரியுங்கள்: 5ஆவது கம்பியிலிருந்து சி, இ, ஜி, சி, இ. இந்தக் கார்டில் 6ஆவது கம்பியை மீட்ட வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணமும் இங்கே தெரியும். திறந்த 6ஆவது கம்பி இ. அது கார்டுக்குள் இருக்கும் நோட்தான், தவறான சத்தம் வராது. ஆனால் அடியில் சி-க்குப் பதில் இ உட்கார்ந்துகொள்வதால் கார்டின் கால் நழுவியதுபோல் இருக்கும். டி கார்டிலும் இதே இ அடித்தால் கதை வேறு. இ அந்தக் கார்டிலேயே இல்லை, ஆகவே உண்மையிலேயே மங்கலாகக் கேட்கும்.

ஒரு கீயில் எந்தக் கார்டுகள் சேர்ந்து வரும் என்பதும் இந்தக் கணக்கே. சி மேஜர் ஸ்கேலில் ஒவ்வொரு நோட்டிலிருந்தும் ஒன்று விட்டு ஒன்றாக மூன்று எடுங்கள். சி, இ, ஜி என்றால் சி மேஜர். டி, எஃப், ஏ எடுத்தால் டி-யிலிருந்து எஃப் 3 செமிடோன், ஆகவே டி மைனர். இப்படியே இ மைனர், எஃப் மேஜர், ஜி மேஜர், ஏ மைனர். கடைசியில் பி, டி, எஃப். இதில் பி-யிலிருந்து எஃப் 6 செமிடோன்தான், பஞ்சமம் ஒன்று குறைகிறது. இது டிமினிஷ்டு. எந்த மேஜர் கீயிலும் வரிசை இதுவே: மேஜர், மைனர், மைனர், மேஜர், மேஜர், மைனர், டிமினிஷ்டு. ஜி கீயில் போட்டுப் பார்த்தால் ஜி, ஏ மைனர், பி மைனர், சி, டி, இ மைனர், எஃப் ஷார்ப் டிமினிஷ்டு. பாட்டுக்குக் கார்டு தேடும்போது 12 நோட்டுகளிலும் தடவிக்கொண்டிருக்காமல், முதலில் இந்த ஏழுக்குள், அதிலும் 1, 4, 5, 6ஆம் கார்டுகளுக்குள் தேடுங்கள்.

கார்டுகளை எழுத்தோடு எண்ணாகவும் நினைவில் வைத்தால் சுருதி மாற்றுவது எளிது. ஜி, டி, இ மைனர், சி என்பது ஜி கீயில் 1, 5, 6, 4. பாடுகிறவர் ஏ கேட்டால் ஏ, இ, எஃப் ஷார்ப் மைனர், டி.

கேப்போ போடும்போது

கேப்போ எத்தனையாவது ஃப்ரெட்டில் இருக்கிறதோ அத்தனை செமிடோன் ஏறும். 2இல் போட்டு ஜி வடிவம் பிடித்தால் ஒலிப்பது ஏ. 3இல் சி வடிவம் பிடித்தால் இ ஃபிளாட். பாடுகிறவர் நான்கு கட்டை, அதாவது எஃப் கேட்டால் மூன்று வழிகள் கையில் இருக்கின்றன: 1இல் கேப்போ போட்டு இ வடிவங்கள், 3இல் டி வடிவங்கள், 5இல் சி வடிவங்கள். மூன்றும் ஒரே கீ, ஆனால் நிறம் வேறு. 1இல் அடி நன்கு தாங்கும், ஆனால் இ கீயின் கார்டுகளில் பி மேஜரும் சி ஷார்ப் மைனரும் பார் கேட்கும். 5இல் சத்தம் மெலிந்து பளிச்சென்று ஒலிக்கும். இன்னொரு கிட்டாரும் கூட இருந்தால் ஒருவர் 1இலும் இன்னொருவர் 5இலும் வாசியுங்கள், இரண்டும் ஒன்றையொன்று மறைக்காது.

கேப்போவை உலோகக் கட்டைக்குச் சற்றுப் பின்னால், அதற்கு இணையாகப் போடுங்கள். சாய்ந்திருந்தால் ஒருபுறத்துக் கம்பிகள் கூடுதலாக இழுபட்டு சுருதி ஏறும். போட்ட பிறகு டியூனரில் ஒருமுறை சரிபாருங்கள். கேப்போ போட்டாலும் ஃப்ரெட்போர்டின் பெயர்கள் நகர்வதில்லை என்பதை மறக்க வேண்டாம். 5ஆவது கம்பியின் 5ஆவது ஃப்ரெட் கேப்போ இருந்தாலும் இல்லாவிட்டாலும் டி. மாறுவது கார்டு வடிவத்துக்கு நாம் வைத்திருக்கும் பழக்கப் பெயர் மட்டும். அதனால் மற்ற வாத்தியக்காரர்களிடம் பேசும்போது 'கேப்போ 2, ஜி' என்று சொல்லாமல், ஒலிக்கும் பெயரான ஏ-யைச் சொல்லுங்கள்.